வெளியாள் வாசலில் நிற்கும்போது: விருந்தோம்பல் சொற்களின் வரலாறு

உரோமானியர்களின் முதல் எழுத்துச் சட்டம் கி.மு. 450ஐ ஒட்டிப் பன்னிரண்டு பலகைகளில் பொறிக்கப்பட்டது. அந்தப் பலகைகள் அழிந்துவிட்டன. பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட துண்டுகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, எந்தெந்தக் காரணங்களுக்காக ஒரு விசாரணையைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்கிறது. கடும் நோய் ஒரு காரணம். ‘ஹோஸ்டிஸ்’ ஒருவரோடு வழக்காட ஏற்கெனவே நாள் குறித்திருப்பது இன்னொரு காரணம். பிற்கால இலத்தீனில் ஹோஸ்டிஸ் என்றால் போர்க்களத்துப் பகைவன். பகைவனோடு நீதிமன்றத்தில் நாள் குறித்துக்கொள்வது எப்படி?

கி.மு. 44இல் தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி நூல் எழுதிய உரோமானிய அறிஞர் சிசரோ இதற்கு விடை தருகிறார். முன்னோர் காலத்தில் ஹோஸ்டிஸ் என்ற சொல் வெளிநாட்டாரை மட்டுமே குறித்தது, போரிடும் பகைவனுக்குத் தனிச்சொல் இருந்தது என்கிறார். அவரைவிடப் பத்து வயது மூத்தவரான மொழியறிஞர் வார்ரோவும் இதையே பதிவுசெய்கிறார். ஆக, பன்னிரண்டு பலகைகளின் காலத்து ஹோஸ்டிஸ், உரோமில் வழக்காடும் உரிமை பெற்ற வெளியாள். இதே வேரிலிருந்து பிறந்த ஜெர்மன் ‘காஸ்ட்’, ஆங்கில ‘கெஸ்ட்’, ரஷ்ய ‘கோஸ்த்’ ஆகிய சொற்கள் இன்றும் விருந்தினரையே குறிக்கின்றன. ஒரே வேர் ஐரோப்பாவின் வடக்கிலும் கிழக்கிலும் விருந்தினராகவும், உரோமில் பகைவராகவும் முடிந்திருக்கிறது.

வாசலில் நிற்கும் வெளியாள் எப்போது விருந்தினர் ஆகிறார், எப்போது பகைவர் ஆகிறார் என்ற கேள்வி மனித வரலாற்றின் பழைய கேள்விகளில் ஒன்று. அதற்குப் பல மொழிகள் தந்த விடைகள் அவற்றின் சொற்களிலேயே படிந்து கிடக்கின்றன. அவற்றை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்ப எழுகிறது. விருந்தோம்பல் தனிமனிதரின் இளகிய மனத்தை மட்டும் நம்பி நின்றதில்லை. அதற்கு விதிகள் இருந்தன, கால அளவு இருந்தது, சாட்சியப் பொருள்கள் இருந்தன. அந்த ஏற்பாடுகள் இருந்தவரை வெளியாள் விருந்தினராக இருந்தார்.

ஈடுசெய்யும் உறவு

இந்தச் சொற்குடும்பத்தை ஆழமாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த். இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்களஞ்சியம் பற்றி அவர் எழுதிய இரு தொகுதிகள் 1969இல் வெளிவந்தன. ஹோஸ்டிஸ் என்ற சொல்லோடு உறவுடைய பழைய இலத்தீன் வினை ஒன்றுக்குச் ‘சமன்செய்தல், ஈடுசெய்தல்’ என்று பொருள். இதைக் கொண்டு அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். ஹோஸ்டிஸ் எந்த வெளியாளையும் குறித்த சொல் அன்று. உரோமானியர்களோடு சம உரிமையில் கொடுத்து வாங்கும் உறவு பூண்ட வெளியாளையே அது குறித்தது. கொடை, ஏற்பு, மறுகொடை என்ற சுழற்சியின்மேல் பழஞ்சமூகங்கள் தங்கள் உறவுகளைக் கட்டின என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான ‘கொடை’ பற்றிய கட்டுரையில் காட்டியிருந்தார். பென்வெனிஸ்த் அந்தப் பாதையில்தான் நடந்தார்.

பிறகு ஏன் பொருள் திரிந்தது? குடிக்கும் குடிக்கும் இடையே இருந்த உறவின் இடத்தில் நகர அரசுக்கும் நகர அரசுக்கும் இடையிலான எல்லை வந்தது என்பது அவர் விளக்கம். எல்லைக்கு அப்பால் இருப்பவரோடு குடும்பங்கள் தாங்களாகவே உறவு பூணும் வழி தேய்ந்தது. உறவு போனபின் சொல்லில் எஞ்சியது அந்நியத்தன்மை மட்டுமே. அது பகையாகக் கெட்டிப்பட்டது. அதனால் விருந்தோம்பலுக்கு உரோமானியர்கள் வேறொரு சொல்லை நம்ப வேண்டியிருந்தது. அதுதான் ‘ஹோஸ்பெஸ்’. பழைய வேரோடு ‘தலைவன்’ என்ற பொருளுள்ள பின்னொட்டு சேர்ந்த சொல் இது. அந்தப் பின்னொட்டு நமக்குப் பழக்கமான ‘பதி’ என்ற வடசொல்லின் உறவு. ஹோஸ்பெஸ் விருந்தளிப்பவரையும் குறித்தது, விருந்துக்கு வருபவரையும் குறித்தது. இன்று அளிப்பவர் நாளை வருபவராக வேண்டிய உறவில் இருவருக்கும் ஒரே பெயர் பொருந்தியது. ஆங்கிலத்தில் விருந்தளிப்பவரைக் குறிக்கும் ‘ஹோஸ்ட்’ இந்த வழியில் வந்தது. பெரும்படையைக் குறிக்கும் இன்னொரு ‘ஹோஸ்ட்’ பகைவரான ஹோஸ்டிஸிலிருந்து வந்தது. செக் மொழியிலோ ‘ஹோஸ்ட்’ என்றால் விருந்தினர்.

இந்தியப் பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு விவாதம் நடந்தது. ரிக்வேதத்தில் வரும் ‘அரி’ என்ற சொல்லைப் பகைவன் என்றே உரைகாரர்கள் கொண்டிருந்தார்கள். அதன் அடிப்படைப் பொருள் ‘அந்நியன்’, இடத்துக்கேற்ப அது விருந்தினரையும் பகைவரையும் குறித்தது என்று ஜெர்மானிய அறிஞர் பவுல் தீமெ 1938இல் வாதிட்டார். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை.

உடைத்துப் பகிர்ந்த அடையாளம்

கிரேக்க ‘க்ஸெனோஸ்’ பொருளைப் பிரித்துவைக்கவே இல்லை. அந்நியர், வெளிநாட்டார், விருந்தினர், விருந்தளிப்பவர் என நால்வரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கினார்கள். அந்த உறவின் பெயர் ‘க்ஸெனியா’. அதைக் காக்கும் கடமை கடவுளரின் தலைவனான சீயஸுக்கு இருந்தது.

இந்த உறவு எவ்வளவு வலுவானது என்பதை டிராய்ப் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான இலியத்தின் ஆறாம் பாடல் காட்டுகிறது. கிரேக்கத் தரப்பின் டயோமீடஸும் டிராய்த் தரப்புக்காகப் போரிடும் லிசியா நாட்டு கிளாக்கஸும் களத்தில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். சண்டைக்கு முன் குலம் கேட்டுக்கொள்கிறார்கள். டயோமீடஸின் தாத்தா வீட்டில் கிளாக்கஸின் தாத்தா இருபது நாள் தங்கியிருந்தார் என்பது தெரியவருகிறது. உடனே ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, இனி ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று கைகோத்துக் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன் போட்ட சோறு, நடந்துகொண்டிருக்கும் போரை அந்த இருவருக்கு மட்டும் நிறுத்திவைக்கிறது. டிராய்ப் போருக்கே காரணம், விருந்தினனாக வந்த பாரிஸ் விருந்தளித்தவரின் மனைவியைக் கொண்டுசென்றது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னொரு கிரேக்கக் காவியமான ஒடிசியில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் தன் குகைக்கு வந்தவர்களைத் தின்கிறான். வந்தவர்களின் தலைவனான ஒடிசியஸுக்கு விருந்தினர் பரிசாக அந்த அரக்கன் தர முன்வருவது, ஒடிசியஸைக் கடைசியாகத் தின்பதாக ஒரு வாக்கு. விதியை மீறுபவன் மனிதக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவன் என்று அந்தக் கதை கேட்டவர்களுக்குச் சொன்னது.

தாத்தா உண்ட வீட்டைப் பேரன் எப்படி அடையாளம் காண்பது? அதற்கு ஒரு பொருள் இருந்தது. எலும்பையோ சுட்ட மண்ணையோ இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு வருபவர் தன் பாதியை நீட்டுவார். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். ‘சேர்த்து வைப்பது’ என்ற பொருளில் அதற்குச் ‘சிம்பலோன்’ என்று பெயர். குறியீட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சிம்பல்’ அதன் வழி வந்தது. உரோமானியர்களிடமும் இத்தகைய விருந்தோம்பல் வில்லைகள் இருந்தன. உரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகம் ஒன்றில், கார்தேஜிலிருந்து வரும் முதியவர் தன் வில்லையைக் காட்டித்தான் நண்பரின் குடும்பத்தைக் கண்டடைகிறார். ஸ்பெயினில் வாழ்ந்த கெல்திபேரியர்கள் விலங்கு வடிவிலும் பற்றிய கைகளின் வடிவிலும் வெண்கலத்தில் செய்த வில்லைகள் அகழ்வாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. கடவுச்சீட்டு இல்லாத உலகில் அவை செய்த வேலை கடவுச்சீட்டின் வேலைதான். அதை வழங்கியது அரசு அல்ல, ஒரு குடும்பம்.

வழியிலிருந்து திரும்பியவர்

பல மொழிகளில் விருந்தினரின் பெயர் பயணத்திலிருந்து பிறந்தது. அரபியில் ‘ளைஃப்’ என்றால் விருந்தினர். அதன் வேருக்குச் சாய்தல், பக்கம் திரும்புதல் என்று பொருள். வழியை விட்டு நம் கூடாரத்தின் பக்கம் திரும்பியவர் அவர். தென்கிழக்கு ஈராக்கின் சதுப்பு நிலங்களில் நாணலை மட்டுமே கொண்டு கட்டும் நெடிய விருந்தினர் மண்டபமான ‘முதீஃப்’ இந்த வேரில் பிறந்த சொல். துருக்கிய மொழி, பயணி என்ற பொருளுள்ள ‘முசாஃபிர்’ என்ற அரபுச் சொல்லை எடுத்து விருந்தினருக்குச் சூட்டியது. சொல்லாமல் வந்து நிற்பவரைத் துருக்கியர்கள் ‘கடவுளின் விருந்தினர்’ என்கிறார்கள். இதே அரபுச் சொல் இந்தியாவுக்கும் வந்தது. பழைய தமிழ் எழுத்துகளில் வரும் ‘முசாபரி பங்களா’ அதன் தடம்.

வடமொழியின் ‘அதிதி’யைத் ‘திதி இல்லாதவர்’ என்று பிரித்து, நாள் பார்த்து வராதவர் என்று விளக்கும் மரபு நமக்கு நன்கு தெரிந்தது. மனு நூல், ஓரிரவு மட்டும் தங்குபவர் என்பதால் அப்பெயர் என்கிறது. அலைதலைக் குறிக்கும் ‘அத்’ என்ற வினைவேரிலிருந்து வந்த சொல் என்பது மொழியியலாளர்களிடம் உள்ள கருத்து. ஈரானின் அவெஸ்தா மொழியிலும் இதன் உறவுச்சொல் விருந்தினரைக் குறித்தது. தாய், தந்தை, ஆசான் ஆகியோரோடு அதிதியையும் தெய்வமாகக் கொள்ளுமாறு தைத்திரீய உபநிடதம் மாணவனுக்குச் சொல்கிறது. கடோபநிடதத்தில் நசிகேதன் எமன் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருக்கிறான். வீடு திரும்பும் எமன், பட்டினி கிடந்த இரவு ஒன்றுக்கு ஒரு வரமாக மூன்று வரங்கள் தந்து தன் பிழைக்கு ஈடுசெய்கிறான். சாவின் தலைவனே கட்டுப்பட வேண்டிய கடமையாக அங்கே விருந்தோம்பல் நிற்கிறது.

கடமைக்குக் கால எல்லையும் இருந்தது. விருந்தினரின் உரிமை மூன்று நாள், அதற்குமேல் தருவது தருமம் என்பது நபிமொழி. சுவாஹிலிப் பழமொழி இரண்டு நாள் விருந்து போட்டு மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடுக்கச் சொல்கிறது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நாமும் சொல்கிறோம். கடுமையாகத் தோன்றும் இந்த எல்லைதான் கடமையை ஏழைக்கும் நிறைவேற்றக்கூடியதாக ஆக்கியது. மூன்று நாளுக்குப் பிறகு வந்தவர் தன் வழியில் போகலாம், அல்லது மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஊராரில் ஒருவராகலாம். இரண்டாவது வழி திறந்திருந்தது என்பதைச் சுவாஹிலிப் பழமொழியில் கவனிக்க வேண்டும்.

புதியவர்

இன்னும் சில மொழிகள் விருந்தினரை அவருடைய அறியாத தன்மையாலேயே அழைத்தன. சுவாஹிலியின் ‘ம்கெனி’, நைஜீரியாவின் யொரூபா மொழியில் வழங்கும் ‘அலேஜோ’ ஆகிய இரண்டும் அந்நியரையும் விருந்தினரையும் ஒருங்கே குறிக்கின்றன. சிங்களத்தில் ‘அமுத்து’ என்றால் வழக்கத்துக்கு மாறான, புதிதான. அதிலிருந்து வந்த ‘அமுத்தா’ விருந்தினரைக் குறிக்கிறது.

தமிழின் ‘விருந்து’ இந்த வரிசையில் வருகிறது. அதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளைச் சொல்லும்போது ‘தொன்மை’யை ஒன்றாகவும் ‘விருந்து’ என்பதை இன்னொன்றாகவும் வைக்கிறது. பழைய கதையைச் சொல்வது தொன்மை, புதிதாகப் புனைவது விருந்து. சோற்றுக்கும் இலைக்கும் அங்கே இடமே இல்லை. மலையாளத்தில் ‘விருந்நு’, தெலுங்கில் ‘விந்து’ என இச்சொல்லின் உறவுகள் திராவிட மொழிகளில் இருக்கின்றன. அங்கெல்லாம் இன்று முன்னிற்பது உணவுப் பொருள்தான்.

புதுமை என்ற பண்பு எப்படி மனிதரைக் குறித்தது என்பதைத் திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தெளிவாகச் சொல்கிறார். விருந்து என்பது புதுமை, அது ஆகுபெயராய்ப் புதிதாக வந்தவரைக் குறித்தது என்பது அவர் விளக்கம். அந்த விருந்தினரை அவர் இரு வகையாகப் பிரிக்கிறார். முன்பே அறிந்திருப்பதால் குறித்து வருபவர் ஒருவர். அப்படி எந்த அறிமுகமும் இல்லாமல் வருபவர் மற்றொருவர். இல்வாழ்க்கை அதிகாரத்தில் சுற்றத்தைத் தனியாகவும் விருந்தைத் தனியாகவும் வள்ளுவர் எண்ணுகிறார். மாமனும் மச்சானும் வந்து உண்பது சுற்றந்தழால், அதற்கு வேறு அதிகாரமே இருக்கிறது. அறியாதவரை ஏற்பது விருந்தோம்பல். ‘ஓம்பல்’ என்ற பாதியும் கவனத்துக்குரியது. பேணுதல், காத்தல், வளர்த்தல் என்ற பொருள்களில் குழந்தைக்கும் பயிருக்கும் நாட்டுக்கும் வழங்கிய வினை அது. வந்தவருக்கு உணவிடுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. அவர் நம் பொறுப்பில் இருக்கும்வரை அவருக்குக் கேடு நேராமல் பார்ப்பதும் ஓம்பலில் அடங்கியது.

சங்க இலக்கியம் இதற்கென ஒரு வகைமையையே வளர்த்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வரும் வறிய கலைஞருக்கு வழி சொல்லும் அமைப்பு அது. திருமுருகாற்றுப்படை அதைப் பக்திக்கு மாற்றிக்கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழி நெடுக எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பல குடியினரின் வீடுகளில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று விரிக்கிறது. அரசனின் கொடை பயணத்தின் முடிவில்தான் வருகிறது. அதுவரை பாணனின் குடும்பத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் பெயர் தெரியாத வீட்டுக்காரர்கள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கண்ணகி, கணவன் பிரிந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமல் போனதைத் தன் இழப்புகளில் ஒன்றாகச் சொல்கிறாள். மனையறத்தின் நடுவில் அந்நியருக்கு இருந்த இடம் அதில் தெரிகிறது. கணவனின்றி அதைச் செய்யும் உரிமை பெண்ணுக்கு இல்லை என்பதும் அதே கூற்றில் தெரிகிறது.

காலப்போக்கில் புதுமையும் அறியாதவரும் சொல்லிலிருந்து விலகிச் சாப்பாடு அந்த இடத்தில் அமர்ந்தது. இன்று கல்யாண விருந்து, தலைதீபாவளி விருந்து என்று சொல்லும்போது பந்தியில் இருப்பவர் எல்லாரும் நமக்கு முன்பே தெரிந்தவர்கள்.

அச்சமும் வணிகமும்

வெளியாள்மீது இருந்த அச்சத்தையும் சொற்கள் மறைக்கவில்லை. கொரிய மொழியில் ‘சொன்னிம்’ என்றால் மதிப்புக்குரிய விருந்தினர். பெரியம்மையையும் அதே பெயரால் அழைத்தார்கள். வெளியிலிருந்து வரும் ஆற்றல் அது, மரியாதையோடு வரவேற்று மனம் குளிர்வித்து வழியனுப்பினால்தான் வீடு தப்பும் என்று நம்பி அதற்கெனச் சடங்கும் நடத்தினார்கள். அம்மை போட்ட வீட்டில் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று சொல்லி வேப்பிலை செருகி, தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பிவைக்கும் நம் வழக்கம் இதற்கு மிக அருகில் நிற்கிறது. தொலைவிலிருந்து அரிதாக வரும் தெய்வ விருந்தினரை ‘மரெபிதோ’ என்ற பழஞ்சொல்லால் குறித்து, ஜப்பானிய விருந்தோம்பலின் வேர் அந்த வருகையில் இருக்கிறது என்று நாட்டாரியல் அறிஞர் ஒரிகுச்சி ஷினோபு (1887–1953) வாதிட்டார். வந்திருப்பது தெய்வமா கேடா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலையில், மரியாதை ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது.

இன்னொரு பக்கம் வணிகம். பழைய ரஷ்யாவில் ‘கோஸ்த்’ என்றால் தொலைநாட்டோடு வாணிபம் செய்யும் பெருவணிகர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பழைய கடைத்தொகுதிக்கு இன்றும் ‘கோஸ்தினி த்வோர்’, அதாவது விருந்தினர் முற்றம் என்றே பெயர். சரக்கோடு வரும் அந்நியருக்குக் கிடங்கும் காவலும் தந்தால்தான் சந்தை கூடும். விருந்தோம்பலின் விதிகளில் பலவற்றை வணிகப் பாதைகள் தாங்கிப் பிடித்தன.

ஆபத்து நேரும்போது அந்த விதிகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அல்பேனியா சாட்சி. அங்கே ‘மிக்’ என்ற சொல் நண்பரையும் விருந்தினரையும் குறிக்கிறது. நண்பர் என்று பொருள்படும் இலத்தீன் ‘அமிக்குஸ்’ அதன் மூலம். வட அல்பேனிய மலைநாட்டின் வழக்காற்றுச் சட்டமான லேக் துகாஜினியின் கானூன், வீட்டைக் கடவுளுக்கும் விருந்தினருக்கும் உரியதாக வைக்கிறது. விருந்தினருக்கு நேரும் கேடு வீட்டுக்காரரின் மானத்துக்கு நேர்ந்த கேடு. இந்த வாய்மொழிச் சட்டத்தைப் பாதிரியார் ஷ்த்ஜெஃபென் ஜெச்சோவி தொகுத்தார். அது 1933இல் நூலாயிற்று. 1939இல் இத்தாலியும் 1943இல் ஜெர்மனியும் நாட்டைப் பிடித்தபோது, கொடுத்த வாக்கைக் காக்கும் ‘பெஸா’ என்ற கடப்பாட்டின் பெயரால் முஸ்லிம் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் யூதர்களை வீடுகளில் வைத்துக் காத்தன. போர் தொடங்கியபோது இருந்ததைவிடப் போர் முடிந்தபோது அதிக யூதர்கள் இருந்த மிகச் சில ஐரோப்பிய நாடுகளில் அல்பேனியா ஒன்று. காத்தவர்களில் பலர் பின்னர் அதைத் தியாகமாகப் பேசவில்லை, வீட்டுக்கு வந்தவரைக் காத்தோம் என்றே சொன்னார்கள்.

கட்டடங்களுக்குள் போன சொற்கள்

குடும்பம் சுமந்த கடமை மெல்ல மெல்லக் கட்டடங்களுக்கு மாறியது. கி.பி. 370ஐ ஒட்டி இன்றைய துருக்கியின் செசரியா நகருக்கு வெளியே ஆயர் பசில் எழுப்பிய வளாகத்தில் பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் இடம் கிடைத்தது. இலத்தீனில் விருந்தினருக்குரிய இடம் என்று பொருள்பட்ட சொல் இடைக்கால ஐரோப்பாவில் இரண்டாகக் கிளைத்தது. யாத்திரிகர்களுக்கும் ஆதரவற்றோருக்குமான இல்லங்களில் நோயாளிகளைக் கவனிக்கும் பணி முதன்மை பெற்றபோது அது ‘ஹாஸ்பிடல்’ ஆயிற்று. பிரெஞ்சு வழியில் திரிந்து ‘ஹோட்டல்’ ஆயிற்று. பாரிசின் மிகப் பழைய மருத்துவமனையின் பெயர் ‘ஓத்தெல் தியூ’, கடவுளின் இல்லம். தமிழில் ‘ஆஸ்பத்திரி’யும் ‘ஹோட்ட’லும் வேறுவேறு காலங்களில் கடல் கடந்து வந்து குடியேறிய அக்கா தங்கைச் சொற்கள்.

தமிழகத்தின் சத்திரமும் இதே பாதையில் நடந்தது. பல நாள் நீளும் வேத வேள்விக்குச் ‘சத்ரம்’ என்று பெயர். அங்கிருந்து அன்னமிடும் கொடைக்கும், பிறகு வழிப்போக்கர் தங்கும் விடுதிக்கும் சொல் நகர்ந்தது. தஞ்சை மராத்திய அரசர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்களை எழுப்பினார்கள். நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனபின் 1801இல் இரண்டாம் சரபோஜி பிரிட்டிஷாருக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்கும்படி மன்றாடுகிறார். வருபவர் எல்லாருக்கும் உணவு, நோயுற்ற பயணிக்கு மருத்துவம் என்று அங்கே நடந்த பணிகளை அதில் விவரிக்கிறார். ஐரோப்பாவில் ஒரே சொல் விடுதியாகவும் மருத்துவமனையாகவும் பிரிந்ததைப் போல, இங்கும் தங்குமிடமும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

ஆனால் அந்தக் கூரையின் கீழ் சாதியும் இருந்தது. யாருக்குச் சமைத்த சோறு, யார் எங்கே அமர்ந்து உண்பது, யார் உள்ளே வரக் கூடாது என்ற வரிசை நம் விருந்தோம்பலைக் காலங்காலமாகச் சிதைத்தது. தொலைநாட்டு அந்நியருக்குத் திறந்த திண்ணை, அதே ஊரின் சேரியில் வாழ்ந்தவருக்கு மூடியே இருந்தது. 1924–25இல் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறியது தமிழக அரசியலையே திருப்பிப்போட்டது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் நடத்தியது. யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்ற கேள்வியை உரிமைப் பிரச்சினையாக மாற்றியது இந்தப் போராட்டங்களின் சாதனை. வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பெருமையோடு சொல்லும் எவரும் இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று விருந்தோம்பல் ஒரு தொழில்துறையின் பெயர். அதிதியைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் உபநிடத வாசகத்தை இந்தியச் சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. 2013இல் 2020 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கேட்ட குழு ‘ஒமொதெனாஷி’ என்ற ஜப்பானியச் சொல்லை உலக மேடையில் முன்வைத்தது. பணம் கொடுத்துத் தங்குபவரை நன்றாகக் கவனிப்பதில் தவறில்லை. பணமில்லாமல் வருபவருக்கு அந்தச் சொல்லில் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

விருந்தினராகவே இருத்தல்

விருந்தினர் என்ற பெயர் எப்போதும் நன்மை செய்வதில்லை. தென் சீனாவின் ஹக்கா மக்களின் பெயருக்கு ‘விருந்தினர் குடும்பங்கள்’ என்று பொருள். வடக்கிலிருந்து வந்து பல நூற்றாண்டுகள் ஆனபிறகும் அப்பெயர் அவர்களை விடவில்லை. ‘உள்ளூரார்’ என்ற பொருளில் ‘புந்தி’ என்று அழைக்கப்பட்டவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே 1855 முதல் 1867 வரை குவாங்டொங் மாகாணத்தில் நிலத்துக்காக நடந்த மோதல்களில் பெருந்திரளானோர் மாண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் மேற்கு ஜெர்மனி, தன் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கத் துருக்கியோடு 1961 அக்டோபரில் ஒப்பந்தம் செய்தது. வந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘காஸ்ட் அர்பைட்டர்’, விருந்தினர்த் தொழிலாளி. விருந்தினர் என்றால் திரும்பிப் போக வேண்டியவர் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயருக்குள் இருந்தது. அவர்கள் உழைத்தார்கள், குடும்பமானார்கள், அங்கேயே பிள்ளைகள் பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்பின் அடிப்படையில் குடியுரிமை கிடைக்க வழி செய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சிக்கலை ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1795இல் ‘நிலைத்த அமைதி’ பற்றிய நூலில் முன்கூட்டியே பிரித்துப் பார்த்திருந்தார். விருந்தோம்பலை அவர் அன்பின் பட்டியலிலிருந்து எடுத்து உரிமையின் பட்டியலில் வைத்தார். பூமி உருண்டை, அதன் பரப்பு அளவுக்குட்பட்டது, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போக முடியாது. ஆகவே அமைதியாக வரும் அந்நியர் எவரையும், வந்துவிட்டார் என்பதற்காகப் பகைவராக நடத்தக் கூடாது. இது வருகை உரிமை. நிலையாகத் தங்கும் விருந்தினர் உரிமைக்குத் தனி உடன்படிக்கை வேண்டும். ஐரோப்பிய வணிக அரசுகள் இந்தியா முதலான நாடுகளுக்கு வருகையாளராகப் போய் வெற்றியாளராக மாறியதையும் அவர் அதே இடத்தில் கண்டிக்கிறார். வருபவருக்கும் கடமை உண்டு என்பது அவர் வாதத்தின் மறுபாதி.

அகதி

தமிழில் இக்கேள்வியை நம் வாசலுக்குக் கொண்டுவந்த சொல் ‘அகதி’. கதியற்றவர், போக வழியில்லாதவர் என்பது அதன் பொருள். அதிதிக்கு ஒரு வீடும் ஒரு பாதையும் இருந்தன, அவர் போய்விடுவார். அகதிக்குத் திரும்பும் பாதையே அடைபட்டிருக்கிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழர்களுக்குத் தமிழகம் முகாம்களும் உதவித்தொகையும் பள்ளிக்கூட இடமும் தந்தது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஒருவரை அவருடைய இழப்பால் அழைக்கக் கூடாது என்ற உணர்வு அதில் இருந்தது. அது வரவேற்கத்தக்கது.

சட்டம் அந்தச் சொல்லோடு சேர்ந்து நகரவில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. ஆகவே பெற்றோர் இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்களாக இருந்தால், முகாமில் பிறந்த பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் குறிப்பிட்ட மதப் பிரிவினருக்கு வழி திறந்த 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இலங்கைத் தமிழர்களைச் சேர்க்கவில்லை.

மொழிகளின் சான்று இங்கே நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. வந்தவரை முதல் மூன்று நாள் காப்பது விருந்தோம்பல். நாற்பது ஆண்டு கடந்தபின் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது, அவரை வெளியாளாகவே நிறுத்திவைப்பதாகும். முகாமில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, நம் தெருவில் வேலை தேடும் இளைஞரை நாம் விருந்தினர் என்று அன்போடு அழைத்தாலும் அந்த அன்பு அவருக்குக் கடவுச்சீட்டையோ அரசு வேலையையோ வாங்கித் தராது. சுவாஹிலிப் பழமொழியின் மண்வெட்டிக்கு, ஊராராக ஏற்றுக்கொள்வதற்கு, இன்றைய சட்டமொழியில் குடியுரிமை என்று பெயர். அதைத் தருவதுதான் ‘ஓம்பல்’ என்ற சொல் நம்மிடம் கேட்பது.